பெர்பெத்துவாவின் படங்கள் ஏலத்துக்கு வந்தபோது

வேம்படித்துறையில் கஸ்பார் பர்னாந்து வீட்டு ஹாலுக்குள் கடல் வந்தபோது ஜெசிந்தா அடுக்களையில் சாளை மீனுக்குச் செதிள் உரசிக்கொண்டிருந்தாள். நல்ல மத்தியானம். மழையில்லை, காற்றில்லை, துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றவில்லை. வந்த கடல் வாசல் வழியாகவும் வரவில்லை, சன்னல் வழியாகவும் வரவில்லை. தேக்கு மேசைக்கு அடியில் முதலில் ஒரு கை அகலத்துக்குக் கசிந்து, பிறகு பாய் அகலத்துக்குப் பரந்து, சோபாவின் கால்களைச் சுற்றிக்கொண்டு, திரு இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே இருந்த பூச்சாடியைத் தூக்கிக்கொண்டு, சாவகாசமாக முழங்கால் உயரத்துக்கு ஏறி, வாசற்படியைத் தொட்டதும் மரியாதை தெரிந்த விருந்தாளி மாதிரி நின்றுவிட்டது. படிக்கு அந்தப் பக்கம் ஒரு சொட்டு ஈரமில்லை. தெருவில் ஒரு கோழி காய்ந்த மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது.

ஜெசிந்தா கையைக் கழுவிவிட்டு வந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்கு இது முன்பே பார்த்த காட்சி. இதே ஹால், இதே தேக்கு மேசை, இதே திரு இருதயப் படம், முழங்கால் அளவு கடல். கொஞ்ச நாளைக்கு முன்னால் கிடைத்த ஒரு பழைய புகைப்படத்தில் எல்லாம் அப்படியே இருந்தது. அந்தப் படத்தை எடுத்தவள் அவளைப் பெற்ற பெர்பெத்துவா.

பெர்பெத்துவா கஸ்பாரின் தங்கை. கப்பலுக்குப் போன புருஷன் காய்ச்சலில் செத்துப்போக, கைக்குழந்தையோடு பிறந்த வீட்டுக்குத் திரும்பியவள், மூலையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருக்காமல், புருஷன் வாங்கிவந்த காமிராவைத் தூக்கிக்கொண்டு போய், கடைத்தெரு முக்கில் தகப்பனார் அவள் பேருக்கு எழுதிவைத்த இடத்தில் விடிவெள்ளி ஸ்டுடியோ என்று போர்டு மாட்டினாள். வாரநாட்களில் பாஸ்போர்ட் படம், கல்யாணப் படம், வெள்ளை கவுன் போட்ட பிள்ளைகளின் புதுநன்மைப் படம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஊரே மீன்குழம்பு தின்றுவிட்டுக் குறட்டை விடும் நேரத்தில் அவள் எடுத்தது வேறு. தலை இருக்கவேண்டிய இடத்தில் மீன்கூடை இருக்கும் மணப்பெண். உப்பளத்தின் நடுவில் கொசுவலை கட்டி விரித்த கல்யாணக் கட்டில். தரையில் கிடக்கும் அண்ணனின் நிழலை இஸ்திரிப் பெட்டியால் தேய்க்கும் ஒரு கை. இருட்டறைக்குள் இரண்டு நெகட்டிவை ஒரே தாளில் இறக்கி இதையெல்லாம் செய்தாள். ஊர் சிரித்தது, கொஞ்சம் பயப்படவும் செய்தது.

கஸ்பார் சிரிக்கவில்லை. அவருக்கு அந்த முக்கு இடம் வேண்டியிருந்தது. நயமாகக் கேட்டார், கொடுக்கவில்லை. மிரட்டினார், நிழலை இஸ்திரி போடும் படத்தை அவள் பெரிசாக்கி ஸ்டுடியோ வாசலில் மாட்டினாள். அடுத்த வாரம் பெர்பெத்துவாவைக் காணவில்லை. "கடல் கொண்டுபோயிட்டு" என்றார் கஸ்பார். கரையில் கிடந்ததென்று ஒரு ஜோடி செருப்பைக் காட்டினார். அது அவளுடைய செருப்புத்தான் என்று ஊர் ஒத்துக்கொண்டது. லாஞ்சு முதலாளியான அவரிடம் போய் அதுக்கு மேலே கேள்வி கேட்க எவனுக்குத் துணிச்சல்?

பிள்ளை தாய்மாமன் வீட்டில் வளர்ந்தது. வளர்ந்ததா, வேலை பார்த்ததா என்று அந்த வீட்டு அடுக்களையைத்தான் கேட்கவேண்டும். ஜெசிந்தாவுக்கு இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. கல்யாணம் கட்டிக்கொடுத்தால் சோறு பொங்க ஆள் வேண்டுமே என்ற ஒரே காரணத்துக்காக வந்த மாப்பிள்ளைகளுக்கெல்லாம் கஸ்பார் ஒரு குறை கண்டுபிடித்தார். ஒவ்வொரு கல்லறைத் திருநாளிலும் ஊர் தன் தன் கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்ற, கல்லறை இல்லாத அம்மாவுக்காக அவள் மட்டும் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் மெழுகுதிரியை நட்டு, சிரட்டை ஓரத்தில் ஊசியால் சிலுவைக்குறியாக ஒரு குருசு கீறி, கடலில் விடுவாள். கடலைப் பார்த்து ஒரு வார்த்தை திட்டிவிட்டும் வருவாள். கடல் பேசாமல் வாங்கிக்கொள்ளும்.

இத்தனை வருஷம் கருவாட்டுக் குடோனாக வைத்திருந்த ஸ்டுடியோவை, முக்கில் லாட்ஜ் கட்டுவதற்காகக் கஸ்பார் இடித்தபோது மச்சுக்கு மேலே பிஸ்கட் டப்பாக்கள் கிடைத்தன. உள்ளே படங்கள், நெகட்டிவ்கள். எங்கேயோ யாரோ பார்த்து, யாரிடமோ சொல்லி, சென்னையிலிருந்து மிருணாளினி என்று ஒரு ஏலக் கம்பெனி அம்மாள் கார் போட்டுக்கொண்டு வந்தாள். வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு படத்தையும் நற்கருணை அப்பத்தைத் தொடுவதுபோலத் தொட்டாள். இது சர்ரியலிசம், கனவை நிஜம்போல எடுப்பது, உலகத்தில் வெகு சிலரே இந்தக் காலத்தில் இப்படி எடுத்தார்கள், அதிலும் ஒரு பெண் என்றாள். ஊர் அந்த வார்த்தையை வாயில் போட்டு மென்று பார்த்துவிட்டுத் துப்பிவிட்டது. ஆனால் பெர்பெத்துவாவைப் பார்த்துத் தாங்கள் சிரித்ததே இல்லை என்று மறுநாளே எல்லோருக்கும் ஞாபகம் வந்துவிட்டது.

கஸ்பாருக்கு ஞாபகம் வந்தது இன்னும் அதிகம். தங்கச்சிக்குக் காமிரா பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே தான்தான் என்று ஞாபகம் வந்தது. படங்களை விற்கும் உரிமையும் தனக்குத்தான் என்று ஞாபகம் வந்தது. பேப்பர்க்காரர்கள் வந்தார்கள். சாய்வு நாற்காலியில் சாய்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என் உசுரு அவ. கடல் கொண்டுபோயிட்டு" என்றார். அது அச்சாகி வந்த அன்று மத்தியானம்தான் கடல் ஹாலுக்குள் வந்தது.

வந்ததை ஊர் எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், ஊர் அன்று சாயங்காலமே வலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டது. கடல் எங்கே நிற்கிறதோ அதுவரைக்கும் ஊருக்குப் பொது என்பது வேம்படித்துறைச் சட்டம். கஸ்பார் கத்தினார், யாரும் காதில் வாங்கவில்லை. சோபாவுக்கு அடியில் நண்டு பிடித்தார்கள், அலமாரி இடுக்கில் கணவாய் பிடித்தார்கள், டிவிக்கு முன்னால் தூண்டில் போட்டுக்கொண்டே சீரியல் பார்த்தார்கள். பங்குச்சாமியார் வந்து தீர்த்தம் தெளித்துவிட்டு, ஹால் மீனிலும் கோவிலுக்குப் பங்கு உண்டு என்று நினைவூட்டிவிட்டுப் போனார். ஒரு அதிகாரி வந்து இது கடல், வீட்டு விஷயம் பார்க்கும் எனக்குச் சம்பந்தமில்லை என்றார். இன்னொருவர் வந்து இது வீடு, கடல் விஷயம் பார்க்கும் எனக்குச் சம்பந்தமில்லை என்றார். இரண்டு பேருக்கும் ஜெசிந்தா விளமீன் வறுத்துக் கொடுத்தாள். வெளியே கடல் வற்றினால் ஹாலிலும் வற்றியது, வெளியே ஏறினால் உள்ளேயும் ஏறியது. ஒரு வாரத்தில் அது ஊருக்குப் பழகிவிட்டது, பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குறுக்கே நடந்து போய் வெங்காயம் கடன் கேட்டார்கள்.

கஸ்பார் மட்டும் ஹாலை விட்டு நகரவில்லை. நகர்ந்தால் வீட்டையும் பொது என்று சொல்லிவிடுவார்களே. பெஞ்சைப் போட்டு, பெஞ்சின்மேல் சாய்வு நாற்காலியைப் போட்டு, கால் நனையாமல் அதிலே கிடந்தார். சாப்பாடு அங்கேயே, தூக்கம் அங்கேயே.

அந்த வாரத்தில்தான் ஒருநாள் காலையில் ஜெசிந்தா காப்பியோடு ஹாலுக்குள் இறங்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். தண்ணீர் முழுக்கச் சிரட்டைகள். மேசையைச் சுற்றி, சோபாவைச் சுற்றி, கஸ்பாரின் பெஞ்சைச் சுற்றி, பாதி எரிந்த மெழுகுதிரியோடு சிரட்டைகள் மிதந்தன. ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். ஊசியால் கீறிய குருசு. இன்னொன்றை எடுத்தாள், அதிலும் குருசு. சின்னப் பிள்ளையாய் இருந்தபோது கோணலாய்க் கீறியதும் இருந்தது, போன வருஷம் கீறியதும் இருந்தது. ஒன்று பாக்கியில்லாமல் எல்லாம் திரும்பி வந்திருந்தன.

கடல் தனக்குச் சேராததை வைத்துக்கொள்ளாது. கிழிந்த வலையோ, உடைந்த பலகையோ, பிணமோ, தன்னுடையது இல்லையென்றால் கரையில் கொண்டுவந்து போட்டுவிடும். அந்த ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி இது. இத்தனை வருஷமும் அவள் தப்பான விலாசத்துக்கு மெழுகுதிரி அனுப்பியிருக்கிறாள். தப்பான ஆளைத் திட்டியிருக்கிறாள். கடல் பொறுத்திருந்து, பொறுத்திருந்து, தன் பேரை அச்சிலும் போட்டுவிட்டார்கள் என்றதும் அத்தனையையும் தூக்கிக்கொண்டு வழக்குப் பேச வந்துவிட்டது.

"மாமா, இதெல்லாம் நான் அம்மைக்கு விட்ட திரி. திரும்பி வந்துட்டு."

"காத்துல ஒதுங்கியிருக்கும்."

"இம்புட்டு வருசம் ஒதுங்காதது இப்ப ஹாலுக்குள்ள ஒதுங்குதாக்கும்? எங்கம்மை கடல்ல இல்ல மாமா. எங்க இருக்கா?"

கஸ்பார் காப்பியை வாங்கிக்கொண்டார். ஒரு மிடறு குடித்தார். "சீனி பத்தாது. போ, போய்ப் போட்டுக் கொண்டா."

அவள் போய்ச் சீனி போட்டுக்கொண்டு வந்தாள். அந்த ஒரு ஸ்பூன் சீனியைக் கலக்குகிற நேரத்தில் அவளுக்குள் ஐம்பது வருஷத்துச் சோறும் குழம்பும் கசந்து போயிற்று. இந்த மனுஷனுக்கு விஷம் வைக்கலாம், நாளுக்கு மூன்று வேளை சந்தர்ப்பம் இருந்தது. ஆனால் செத்தவன் வாய் திறக்கமாட்டான். அவளுக்கு அந்த வாய் வேண்டும். அம்மா எங்கே என்று அந்த வாயே ஊர் முன்னால் சொல்லவேண்டும், அதற்குப் பிறகு அவர் என்ன ஆனாலும் அவளுக்குக் கவலையில்லை.

மிருணாளினி ஏலத்தைச் சென்னையில் பெரிய ஹோட்டலில் வைப்பதாக இருந்தாள். ஜெசிந்தா அவளை ஹாலுக்குக் கூட்டிக்கொண்டு வந்து, ஹாலுக்குள் கடல் நிற்கும் அந்தப் பழைய படத்தை ஒரு கையில் பிடித்து, "பாருங்க, படத்துல உள்ள இடத்திலேயே படத்த விக்கலாமே" என்றாள். மிருணாளினிக்குப் புல்லரித்துவிட்டது. அப்படியே ஜெசிந்தா கரைக்குப் போய், மீன் ஏலம் கூறும் சந்தியாகுவைப் பார்த்தாள்.

"ஓய் சந்தியாகு அண்ணே, கடல் நிக்கிற எடத்துல வேற ஆள் ஏலம் கூறலாமா?"

"எவன் கூறுவான்? கால ஒடிச்சிருவேன்."

"அப்ப மாமா ஹால்ல நீருதான் கூறணும். கேள்வியையும் கேக்கணும்."

சந்தியாகு பீடியைக் கடலில் எறிந்துவிட்டுத் தலையாட்டினார்.

கேள்வி என்பது அந்தத் துறையின் வழக்கம். முதல் விலை கூறுவதற்கு முன்னால், விற்கிறவன் கடலில் காலை நனைத்துக்கொண்டு நிற்கவேண்டும். ஏலம் கூறுகிறவர் கேட்பார்: யார் வலை? எப்படிக் கிடைத்தது? மறைத்த பங்கு உண்டா? பொய் சொன்னால் அவனுக்கு விற்கிற உரிமை போயிற்று, அத்தனை மீனும் ஏமாந்தவனுக்குச் சேரும். ஆனால் அங்கே யாரும் பொய் சொன்னதாக யாருக்கும் நினைவில்லை. ஊர் அவ்வளவு யோக்கியம் என்று அர்த்தமில்லை. உப்புத்தண்ணீரில் நின்று பொய் சொன்னவன் மறுநாள் விடியலில் அதே உப்புத்தண்ணீருக்குத்தானே தொழிலுக்குப் போகவேண்டும்.

கஸ்பார் தொழிலுக்குப் போய் வெகு காலமாகிவிட்டது. கருவாட்டு ஏற்றுமதி, லாரி, நிலம் என்று அவர் பிழைப்பு கரையேறியதோடு கடல் பயமும் கரையேறிவிட்டது. சந்தியாகு கேள்வி கேட்கும் வழக்கத்தை மிருணாளினி கேள்விப்பட்டு, "எவ்வளவு அழகான சடங்கு, கண்டிப்பாக வேண்டும் சார்" என்றபோது அவர் பெருந்தன்மையோடு சிரித்தார். நான் ஒன்றும் கடலுக்குப் போகவில்லை, கடல்தான் என் வீட்டுக்கு வந்திருக்கிறது, என் வீட்டில் நான் சொல்வதுதான் என்று நினைத்தார். அங்கேதான் தப்புப் பண்ணினார்.

ஏலத்தன்று பளபளக்கும் கார்களில் வந்து இறங்கியவர்கள், கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டும் பட்டுச்சேலையைத் தூக்கிக்கொண்டும் ஹாலுக்குள் இறங்கி, ஐயோ மீன் கடிக்கிறது என்று சிணுங்கிச் சந்தோஷப்பட்டார்கள். படங்களை ஹாலுக்குக் குறுக்கே கொடி கட்டி, கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருந்தாள் ஜெசிந்தா. மீன்கூடைத் தலை மணப்பெண் அங்கே அசைந்தாள், உப்பளத்துக் கட்டில் அசைந்தது, இஸ்திரிப் பெட்டியின் கீழே கஸ்பாரின் நிழல் அசைந்தது. ஊர் வாசலிலும் சன்னலிலும் அடைத்துக்கொண்டு நின்றது.

"கால நனைச்சுக்கிடும், ஓய்" என்றார் சந்தியாகு.

கஸ்பார் நாற்காலியில் இருந்தபடியே பாதத்தை மட்டும் தண்ணீரில் தொங்கவிட்டார்.

"யாரு வலை?"

"என் தங்கச்சி வலை. எனக்குன்னுதான் அவ விட்டுட்டுப் போனா. அவ மகளுக்கும் சம்மதம்."

அவர் பெஞ்சுக்கு அடியில் மட்டும் தண்ணீர் ஒரு முழம் உயர்ந்தது. மற்றவர்களுக்கு முழங்கால் அளவு, அவருக்குக் கீழே தண்ணீர் மேடு. வந்தவர்கள் கை தட்டினார்கள். இதற்கு எங்கே மோட்டார் வைத்திருக்கிறார்கள் என்று ஒருவர் குனிந்து தேடினார்.

"எப்படிக் கெடச்சுது?"

"எப்படியா? அவளுக்குப் புத்தி பெரண்டு போச்சு. அதுல வந்த படம். நான்தான் பத்திரமா எடுத்து வச்சிருந்தேன்."

நாற்காலி பெஞ்சை விட்டு எழும்பி மிதந்தது. இப்போது கை தட்டியவர்களில் பாதிப் பேர் நிறுத்திவிட்டார்கள்.

"மறைச்ச பங்கு உண்டா?"

"இல்ல."

அதற்கும் உயர்ந்தது. கஸ்பார் விட்டத்துக்குப் பக்கத்தில் போய்விட்டார், மின்விசிறி அவர் காதோரம் நின்றது. அப்போது ஜெசிந்தா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். கழுத்தை நிமிர்த்தி, ஊருக்கெல்லாம் கேட்கும்படி, "எங்கம்மை எங்க?" என்று கேட்டாள்.

வேறு யாராக இருந்தாலும் அந்த உயரத்தில் வாய் தானாக உண்மையைக் கக்கியிருக்கும். ஆனால் அந்த ஒரு கேள்விக்கு அந்த ஒரு பதிலைச் சொல்லிச் சொல்லி அவருடைய நாக்கு அப்படியே வளைந்துபோயிருந்தது.

"கடல் கொண்டுபோயிட்டு!" என்று கத்தினார்.

அதைக் கேட்டதும் கடல் திரும்பியது. இத்தனை நாளும் மரியாதைக்கு வாசற்படியில் நின்றிருந்த தண்ணீர் வாசல் உயரத்துக்குத் தணிந்து, படியைத் தாண்டி இறங்கி, அவசரமில்லாமல், கோவில் சப்பரம் போகிற வேகத்தில் தெருவில் நடந்தது. சப்பரத்தில் சொரூபம் மாதிரி உச்சியில் கஸ்பார், சாய்வு நாற்காலியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு. ஜனங்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழி விட்டார்கள். கோழிகள் கூரை ஏறின. யாரும் ஓடவில்லை. அவரைப் பிடித்து இழுக்க நினைத்திருந்தால் எட்டும் தூரம்தான்.

அப்போதுதான் அவர் உண்மையைப் பேச ஆரம்பித்தார். உண்மை பேசினால் கடல் நின்றுவிடும் என்று நினைத்தார் போல. சந்தியாகு வீட்டைத் தாண்டும்போது, மேற்கே மலையடிவாரத்துப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் தங்கச்சியைக் கொண்டுபோய் விட்டதைச் சொன்னார். இடத்தை எழுதி வாங்கிக்கொண்டுதான் விட்டாராம். கடைத்தெருவைத் தாண்டும்போது, வேறு பெயர் கொடுத்துச் சேர்த்ததைச் சொன்னார். முக்கில், பாதி எழும்பிய லாட்ஜுக்குப் பக்கத்தில், செருப்பைத் தானே கொண்டுபோய்க் கரையில் வைத்ததைச் சொன்னார். ஜெசிந்தா நாற்காலிக்குப் பக்கத்தில், அலையின் ஓரத்தில், சேலை நனைய நடந்துகொண்டே வந்தாள். ஒரு வார்த்தையையும் விடவில்லை.

"எப்ப செத்தா?"

"நீ சமைஞ்ச பொறவும் இருந்தா பிள்ள. ரொம்ப வருசம் இருந்தா. ஒன்னய ஒரு தடவ காட்டச் சொல்லிக் கேட்டுக்கிட்டேதான் இருந்தாளாம். அங்கனதான் பொதச்சிருக்கு."

ஜெசிந்தா சமைந்த நாளில் மாமன் சீர் என்று பட்டுச்சேலை கொண்டுவந்து, ஊரைக் கூட்டிப் பந்தி வைத்தவர் இதே கஸ்பார். அந்தச் சேலையின் நிறம்கூட அவளுக்கு ஞாபகம் இருந்தது.

கரை வந்துவிட்டது. உள்ளே வந்திருந்த கடல் வெளியே இருந்த கடலைத் தொட்டது. கஸ்பார் கையை நீட்டினார். "ஏட்டி, கையக் குடு. நான் ஒன் தாய்மாமன்லா. கையக் குடு."

ஜெசிந்தா மடியில் செருகியிருந்த ஒரு சிரட்டையை எடுத்தாள். கோணல் குருசு போட்டது, அவள் சின்னப்பிள்ளையில் முதன்முதலாக விட்டது. அதை நீட்டிய கையில் வைத்து, விரல்களை அவளே மடக்கிவிட்டாள். "இருட்டா இருக்கும் மாமா" என்றாள்.

நாற்காலி போயிற்று. அவளுக்குப் பாவமாக இருந்ததா என்றால், இல்லை. நெஞ்சு குளிர்ந்து போயிருந்தது. வீட்டுக்கு வந்து அவருடைய தட்டில் சோறு போட்டு, மிச்சமிருந்த குழம்பை ஊற்றி, வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

மறைத்த பங்கு ஏமாந்தவளுக்கு என்று சந்தியாகு மூன்று தரம் கூறி, படங்கள் அத்தனையையும் ஜெசிந்தாவுக்கே தீர்த்துவிட்டார். அந்த ஏலத்துக்கு எதிர்விலை கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. மிருணாளினி ஈரச் சேலையைப் பிழிந்துகொண்டே இன்னொரு தடவை வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். ஹால் படத்தில் இப்போது கடல் இல்லை. காய்ந்த தரையும் தேக்கு மேசையும் மட்டும் இருக்கின்றன. ஜெசிந்தா எல்லாப் படங்களையும் ஹாலிலேயே மாட்டிக் கதவைத் திறந்துவைத்தாள், பார்க்கிறவர்கள் வந்து பார்க்கட்டும் என்று. நிழலை இஸ்திரி போடும் படத்தை அடுக்களையில் மாட்டிக்கொண்டாள்.

அடுத்த நாள் ஒரு சாக்கு நிறையச் சிரட்டைகளைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். மலையடிவாரத்து ஆஸ்பத்திரிக்குப் பின்னால் புல் முளைத்த ஒரு மேட்டை, மாமன் கொடுத்திருந்த பொய்ப் பெயரைக் கேட்டதும் அங்கிருந்த கன்னியாஸ்திரி காட்டினார். அந்த அம்மா சுவரில் கரியால் ஓயாமல் கடல் வரைவார், நாங்கள் அழிக்கவில்லை என்றார். ஜெசிந்தா மேட்டைச் சுற்றிச் சிரட்டைகளை வைத்து எல்லா மெழுகுதிரியையும் ஏற்றினாள். அவ்வளவு வருஷம் கடலில் நனைந்த திரிகள், ஒன்றுகூடத் தவறாமல் பற்றிக்கொண்டன. அவள் அங்கே உட்கார்ந்து, அம்மா என்று வாய்விட்டுக் கூப்பிட்டு, நினைவு தெரிந்த நாளிலிருந்து சேர்த்துவைத்திருந்ததையெல்லாம் அழுது தீர்த்தாள்.

மூன்று நாள் கழித்து அவள் திரும்பி வந்தபோது வாசலில் போலீஸ் ஜீப் நின்றது. புதிதாக மாற்றலாகி வந்த இன்ஸ்பெக்டர், வடக்கத்தி மாவட்டத்துக்காரர், தெருவில் எல்லோரையும் விசாரித்து முடித்திருந்தார். சந்தியாகு சொன்னார், பங்குச்சாமியார் சொன்னார், வெங்காயம் கடன் வாங்கியவள் சொன்னாள், எல்லோரும் ஒரே மூச்சில் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்: கடல் கொண்டுபோயிட்டு.

"நாலஞ்சு நாள் ஆச்சேம்மா" என்றார் இன்ஸ்பெக்டர். "கடல்ல போனா பாடி கரை ஒதுங்கணுமே. உங்க கடல் எதையும் வச்சுக்காது, திருப்பிக் குடுத்துடும்னு ஊரே சொல்லுது. இவரை மட்டும் ஏன் இன்னும் குடுக்கல?"

ஜெசிந்தா சாக்கை உதறி மடித்து வைத்தாள். அடுக்களைக்குள் போய் அவருக்குக் காப்பி கலந்து, சீனி அளவாகப் போட்டுக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள்.

"தனக்குச் சேராதத வச்சுக்கிடாது சார்" என்றாள். "இது சேர்ந்தது."